எந்த வரி அந்த அதிகாரத்தைத் தருகிறது? அமெரிக்க அரசமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க அரசமைப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசு எதைச் செய்தாலும் இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். அதைச் செய்ய அதற்கு அதிகாரம் தரும் வரி எது? அதிகாரம் இருந்தாலும், யாருடைய உரிமையாவது மீறப்படுகிறதா? மாநில அரசின் செயல் என்றால் பெரும்பாலும் இரண்டாவது கேள்வி மட்டும் போதும். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால், ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் தீர்ப்புகளும் புரிய ஆரம்பிக்கும்.

உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியை நாடுவது ஆகியவை பறிக்க முடியாத உரிமைகள் என்று 1776 சுதந்திரப் பிரகடனம் சொல்கிறது. அதைக் காட்டி அங்கே ஒருவர் வழக்குப் போட முடியுமா? (வாசகர், திருச்சி)

முடியாது. பிரிட்டிஷ் மன்னரை விட்டு ஏன் விலகுகிறோம் என்று உலகுக்குச் சொன்ன அறிக்கை அது. நீதிமன்றம் அமல்படுத்துவது 1787-ல் பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்டு 1789-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பையும் அதன் திருத்தங்களையும்தான். 1789-ல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. அவற்றில் 10-க்கு 1791 டிசம்பர் 15-க்குள் ஒப்புதல் கிடைத்தது. உரிமைகள் சாசனம் என்று சொல்வது இந்தப் பத்தைத்தான். அவற்றில் 5-வது திருத்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். உரிய சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. எந்த நிலையிலும் பறிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பிரகடனத்தின் வாக்கியத்தை மட்டும் நம்பி வழக்குப் போடுபவர்கள் தோற்பது இதனால்தான்.

உரியவரே எழுதிக் கொடுத்தாலும் கைவிட்டுப் போகாத உரிமைகளும் உண்டு. 1865-ன் 13-வது திருத்தம், குற்றத்துக்கான தண்டனை தவிர, அடிமை முறையையும் கட்டாய உழைப்பையும் ஒழித்தது. அதற்குப் பிறகும் அலபாமாவில் முன்பணம் வாங்கிவிட்டு வேலையைப் பாதியில் விட்டவரை மோசடிக் குற்றவாளியாக நடத்தும் சட்டம் இருந்தது. கறுப்பினத் தொழிலாளி ஒருவர் 15 டாலர் முன்பணம் வாங்கி, ஓராண்டு பண்ணை வேலைக்கு ஒப்பந்தம் போட்டார். மாதக் கூலி 12 டாலர், அதில் 1.25 டாலர் முன்பணத்துக்குக் கழியும். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வேலை செய்துவிட்டு நின்றுவிட்டார். அபராதமும் வழக்குச் செலவும் கட்ட முடியாவிட்டால் 136 நாள் கடும் உழைப்பு என்று தீர்ப்பானது. ஏமாற்றும் எண்ணம் தனக்கு இல்லை என்று அவரே கூண்டில் ஏறிச் சொல்லவும் அலபாமா விதி இடம் தரவில்லை. 1911-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கடனைக் கேட்டு சிவில் வழக்குப் போடலாம், கடனுக்காக ஒருவரின் உழைப்பைச் சிறை பயத்தால் கட்டிப்போட முடியாது என்பது அதன் சாரம். செங்கல் சூளை முன்பணமும் 1976-ன் நம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எல்லா உரிமையும் அப்படி அல்ல. ஜூரி விசாரணை, மௌனம் காப்பது, சோதனைக்கு மறுப்பது ஆகியவற்றை அவரவரே விட்டுக்கொடுக்கலாம். அமெரிக்காவில் குற்றத் தீர்ப்புகளில் 10-ல் 9-க்கு மேல் விசாரணை நடக்காமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடிபவைதான்.

ஃபெடரல் அரசின் அதிகாரத்துக்கு எல்லை எங்கே எழுதியிருக்கிறது? (வாசகர், சேலம்)

மூன்று இடங்களில். முதல் பகுதியின் 8-வது பிரிவில், காங்கிரஸ் செய்யக்கூடியவை 18 பத்திகளாக இருக்கின்றன: வரி, கடன், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், குடியுரிமை வழங்குதல், திவால், நாணயம், அஞ்சல், காப்புரிமை, போர், படை என்று. அதற்கு அடுத்த 9-வது பிரிவில் செய்யக் கூடாதவை. மூன்றாவதாக, ஃபெடரல் அரசுக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்குத் தடுக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்னும் 10-வது திருத்தம். நம் நாட்டில் நேர்மாறு. எந்தப் பட்டியலிலும் இல்லாத அதிகாரம் 248-வது பிரிவின்படி ஒன்றியத்துக்குப் போகிறது.

உரிமைகளைப் பட்டியலிடவே வேண்டாம் என்று அரசமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான ஹாமில்டன் வாதிட்டார். பத்திரிகையைக் கட்டுப்படுத்த அதிகாரமே தராதபோது, கட்டுப்படுத்தாதே என்று எதற்கு எழுத வேண்டும், அப்படி எழுதினால் எழுதாதவை எல்லாம் அரசின் கைக்குப் போனதாக நாளை ஒருவர் வாதிடுவாரே என்பது அவர் அச்சம். திருத்தங்களை முன்மொழிந்த மாடிசன் அதற்குத் தந்த பதில்தான் 9-வது திருத்தம்: சில உரிமைகளை எண்ணிச் சொன்னதால் மற்றவை மக்களிடம் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

இதன் நடைமுறை விளைவைத் தடுப்பூசி வழக்குகளில் தெளிவாகப் பார்க்கலாம். மாசசூசெட்ஸில் பெரியம்மைத் தடுப்பூசி மறுத்தவருக்கு விதித்த 5 டாலர் அபராதத்தை 1905-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சுகாதாரத்துக்காகச் சட்டம் போடும் பொது அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது, அதனால் உரிமையை மீறியதா என்று மட்டும் பார்த்தார்கள். 2022 ஜனவரியில், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் தடுப்பூசி அல்லது பரிசோதனை கட்டாயம் என்று ஃபெடரல் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் போட்ட விதியை உச்ச நீதிமன்றம், 6 நீதிபதிகளுக்கு 3 பேர் என்ற கணக்கில் (6–3), நிறுத்திவைத்தது. தடுப்பூசி உடலுரிமைக்கு எதிரானது என்று அங்கே யாரும் தீர்ப்பளிக்கவில்லை. பணியிட ஆபத்தைக் கவனிக்க உருவான அந்த நிர்வாகத்துக்கு இவ்வளவு பெரிய அதிகாரத்தை காங்கிரஸ் தரவில்லை என்பதே காரணம். அதே நாளில், ஃபெடரல் நிதி பெறும் மருத்துவமனை ஊழியர்களுக்கான தடுப்பூசி விதி 5–4 என்று அனுமதிக்கப்பட்டது. நிதி பெறும் மருத்துவமனைகளுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் அங்கே சட்டத்தில் இருந்தது.

பட்டியல் அவ்வளவு குறுகியது என்றால், இவ்வளவு பெரிய ஃபெடரல் அரசு எங்கிருந்து வந்தது? (வாசகர், தஞ்சாவூர்)

மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற ஒரு பத்தியிலிருந்து பெரும்பகுதி வந்தது. ஒஹாயோ விவசாயி ஒருவருக்கு 1941 விளைச்சலுக்கு 11.1 ஏக்கர் கோதுமை ஒதுக்கீடு. அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (புஷல் என்பது தானிய அளவு), புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117.11 டாலர் அபராதம். அதை என் மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டு மாவுக்கும் வைத்துக்கொள்கிறேன், சந்தைக்கே கொண்டுபோகவில்லை என்றார். 1942-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீட்டில் விளைந்ததால் சந்தையில் வாங்காமல் இருக்கிறார், எல்லா விவசாயியும் அப்படிச் செய்தால் நாடு முழுதும் விலை இறங்கும் என்ற கணக்கு. அதன்படி பார்த்தால் கொல்லையில் போடும் கீரையும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான். எங்கள் கருத்தில், அமெரிக்க மாநிலங்களின் அதிகாரத்தை இந்த அளவு சுருக்கிய தீர்ப்பு வேறில்லை. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2005-ல் வீட்டில் மருந்துக்காக வளர்த்த கஞ்சாவுக்கும் அதையே பொருத்தினார்கள்.

எல்லை திரும்பக் கோடிடப்பட்டது 1995-ல். பள்ளிக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் குற்றமாக்கிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 5–4 என்று ரத்து செய்தது. துப்பாக்கி வைத்திருப்பது வணிகமே அல்ல என்றது பெரும்பான்மை. அடுத்த ஆண்டே காங்கிரஸ், அந்தத் துப்பாக்கி மாநிலம் விட்டு மாநிலம் நகர்ந்த வணிகத்தில் வந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு தொடரைச் சேர்த்துச் சட்டத்தை மறுபடி இயற்றியது. ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான் வருகிறது. ஃபெடரல் குற்றச் சட்டங்கள் பலவற்றில் இந்தத் தொடர் எங்கேயாவது இருக்கும். அதிகாரம் தொங்கும் ஆணி அது.

2012-ன் மருத்துவக் காப்பீட்டு வழக்கிலும் இதே இழுபறிதான். காப்பீடு வாங்கு என்று கட்டாயப்படுத்த வணிக அதிகாரம் போதாது என்ற நீதிமன்றம், வாங்காதவர் கட்டும் தொகையை வரி என்று எடுத்துக்கொண்டு சட்டத்தைக் காப்பாற்றியது.

அதிகாரம் இல்லாத இடத்தில் வாஷிங்டன் பணத்தைக் காட்டி மாநிலங்களைப் பணியவைக்கிறது என்கிறார்களே? (வாசகர், கடலூர்)

செய்கிறது, ஒரு அளவு வரை சட்டப்படி செல்லும். மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று 1984-ல் சட்டம் வந்தது. 19 வயதில் லேசான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா எதிர்த்துப் போய் 1987-ல் தோற்றது. நிபந்தனை வெளிப்படையாக இருக்க வேண்டும், நிதியின் நோக்கத்தோடு தொடர்பு வேண்டும், வற்புறுத்தலாக மாறக் கூடாது என்று நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. 2012-ல் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலம் ஏற்கெனவே வரும் நிதி முழுவதையும் இழக்கும் என்றபோது, அது மாநிலங்களின் மொத்த பட்ஜெட்டில் 10 சதவீதத்துக்கு மேல் என்பதால், 7 நீதிபதிகள் அதை வற்புறுத்தல் என்றார்கள். 5 சதவீத நெடுஞ்சாலை நிதி ஒரு பக்கம், பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு மறுபக்கம். இடையில் கோடு எங்கே என்று எண் எதையும் நீதிமன்றம் தரவில்லை.

நம் 356-வது பிரிவு போல அமெரிக்க அதிபர் ஒரு மாநில அரசைக் கலைக்க முடியுமா? (வாசகர், சென்னை)

முடியாது. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை ஆட்சிக் கலைப்பைப் பார்த்த தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வருவது இயல்பு. அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், மாநில நிர்வாகத்தின் தலைவர் அவர்தான். அவரை நியமிக்கவோ நீக்கவோ அதிபருக்கு வழியில்லை. ஒரே பெரிய விதிவிலக்கு உள்நாட்டுப் போருக்குப் பிந்தையது: 1867-ல் காங்கிரஸ், தெற்கின் 10 மாநிலங்களை 5 ராணுவ மாவட்டங்களாக்கியது.

ஆனால் ஃபெடரல் சட்டத்தையும் ஃபெடரல் நீதிமன்ற உத்தரவையும் ஒரு மாநிலம் தடுத்தால் படை வரும். 1957-ல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் அர்கன்சா ஆளுநர் மாநில தேசியக் காவல் படையை நிறுத்தினார். அதிபர் ஐசனோவர் அந்தப் படையையே ஃபெடரல் கட்டளைக்கு மாற்றி, ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவிலிருந்து ஏறக்குறைய 1,000 வீரர்களையும் அனுப்பினார். மாணவர்கள் உள்ளே போனார்கள். ஆளுநர் பதவியில் தொடர்ந்தார், சட்டமன்றமும் தொடர்ந்தது. சாதாரண நாட்களில் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்துவதை 1878-ன் சட்டம் தடுக்கிறது. கிளர்ச்சியை அடக்கப் படையை அனுப்ப அதிபருக்கு இடம் தரும் கிளர்ச்சிச் சட்டம் அதற்கு விதிவிலக்கு.

மகன் எச்-1பி விசாவில் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே கஞ்சா கடையிலேயே விற்கிறது, சட்டப்படி தப்பில்லை என்கிறான். சரியா? (வாசகி, மதுரை)

அம்மா, மாநிலச் சட்டப்படி சரி, ஃபெடரல் சட்டப்படி குற்றம். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் ஃபெடரல் கையில் இருப்பவை. அதனால் அவர் தொடவே கூடாது.

இந்த இரட்டை நிலை எப்படி வந்தது என்றால், மாநிலத்தின் சட்டமன்றத்தையும் அதிகாரிகளையும் ஃபெடரல் அரசு தன் வேலையாட்களாக ஏவ முடியாது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப் (வட்டாரப் போலீஸ் தலைவர்) விசாரிக்க வேண்டும் என்ற ஃபெடரல் ஆணை 1997-ல் ரத்தானது. விளையாட்டுச் சூதாட்டத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்ற சட்டம் 2018-ல் ரத்தானது. அதேபோல் கஞ்சாவைத் தடைசெய் என்று கலிபோர்னியாவுக்கு உத்தரவிட முடியாது. ஆனால் தன் சட்டத்தைத் தன் ஆட்களைக் கொண்டு அமல்படுத்த ஃபெடரல் அரசுக்கு முழு உரிமை உண்டு.

குடிமகன் அல்லாதவர் மாட்டிக்கொள்வது போலீஸிடம் அல்ல, நேர்காணலில். வழக்கு, தண்டனை எதுவும் இல்லாவிட்டாலும், போதைப் பொருள் குற்றத்தின் கூறுகளைத் தாமே ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் அனுமதி மறுக்கக் குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் இது நன்னடத்தைக் குறைவாகலாம் என்று 2019-ல் குடிவரவுத் துறை எழுத்திலேயே வழிகாட்டியது. கஞ்சா நிறுவனத்தில் வேலை, போனில் கடை ரசீது, செடியோடு எடுத்த படம் எல்லாம் கேள்விக்கு வழி திறக்கும். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் வெளிநாட்டுப் பயணத்துக்கோ எந்த விண்ணப்பத்துக்கோ முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். பொய் சொல்வது இதைவிடப் பெரிய தடை.

அதிபர் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டால் அது சட்டமாகிவிடுமா? (வாசகர், திருப்பூர்)

ஆகாது. உத்தரவின் முதல் பத்தியைப் படியுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று இருக்கும். உங்கள் ஊரைப் பாதிக்கும் இறக்குமதி வரியையே எடுத்துக்கொள்ளலாம். வரி விதிப்பது 8-வது பிரிவின் முதல் பத்தியிலேயே காங்கிரஸுக்குக் கொடுத்த அதிகாரம். அதிபருக்கு அதில் ஒரு பகுதியை காங்கிரஸ் தனித்தனிச் சட்டங்களில், தனித்தனி நிபந்தனையோடு தந்திருக்கிறது. 1962 சட்டத்தின் 232-வது பிரிவு என்றால் தேசப் பாதுகாப்புக் காரணம் வேண்டும், வணிகத் துறை விசாரித்து 270 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். 1974 சட்டத்தின் 122-வது பிரிவு என்றால் உச்ச அளவு 15 சதவீதம், காலம் 150 நாள், அதற்கு மேல் காங்கிரஸ் நீட்டிக்க வேண்டும். வரி எவ்வளவு நாள் நிற்கும் என்று ஏற்றுமதியாளர் மதிப்பிட, தலைப்புச் செய்தியைவிட இந்தப் பிரிவு எண்தான் உதவும்.

அடிப்படைத் தீர்ப்பு 1952-ல் வந்தது. கொரியப் போரின் நடுவே வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8 அன்று எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தினார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று அதைச் செல்லாது என்றது. நீதிபதி ஜாக்சன் அப்போது வகுத்த மூன்று படிகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: காங்கிரஸ் அனுமதித்திருந்தால் அதிபரின் பலம் உச்சத்தில், காங்கிரஸ் மௌனமாக இருந்தால் அரையிருளில், காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் அடிமட்டத்தில்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உரிமைகள் உண்டா? (வாசகர், கோவை)

பெரும்பாலானவை உண்டு. 5-வது திருத்தமும், மாநிலங்களைக் கட்டும் 14-வது திருத்தமும் குடிமகன் என்று சொல்லாமல் எந்த நபரும் என்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவை நிலையம் நடத்த அனுமதி கேட்ட 200-க்கு மேற்பட்ட சீனர்களுக்கு மறுத்துவிட்டு, சீனர் அல்லாத 80 பேருக்குக் கொடுத்தார்கள். 22 ஆண்டு ஒரே இடத்தில் தொழில் செய்து, 10 டாலர் அபராதம் கட்டாமல் சிறை போன ஒருவர், குடிமகன் அல்லாதவராகவே, 1886-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

நடைமுறையில்: கைதானாலும் போனுக்குள் பார்க்கப் போலீஸுக்கு வாரண்ட் வேண்டும் (2014 தீர்ப்பு). விமான நிலைய எல்லையில் இது பொருந்தாது, அங்கே வாரண்ட் இல்லாமல் போனைப் பார்க்கிறார்கள். கடவுச்சொல் தர மறுக்கும் குடிமகனின் போனைப் பிடித்துவைக்கலாம், அவரை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது. விசாக்காரரைத் திருப்பி அனுப்பலாம். வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்கும் முன் தாளைக் காட்டச் சொல்லுங்கள்: மேலே நீதிமன்றத்தின் பெயர், உள்ளே உங்கள் முகவரி, கீழே நீதிபதியின் கையெழுத்து. குடிவரவு அதிகாரி கையெழுத்திட்ட தாள் நீதிமன்ற வாரண்ட் அல்ல. சோதனைக்குச் சம்மதமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுக்கலாம் என்று அவர்கள் சொல்லித்தரக் கடமையில்லை. மௌனமும் அப்படியே: சும்மா இருந்தால் போதாது, மௌனம் காக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். கையால் தடுக்காதீர்கள். 18 வயது நிரம்பிய விசாக்காரர் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருப்பது சட்டக் கடமை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகத் தனியார் நிறுவனம் வேலையை விட்டு நீக்கினால் பேச்சுரிமை வழக்குப் போடலாமா? (வாசகர், ஈரோடு)

அரசமைப்பின் கீழ் முடியாது. 1-வது திருத்தம் கட்டுவது அரசை மட்டுமே. தொழிலாளர் சட்டங்கள், சில மாநிலங்களின் தனிச் சட்டங்கள் உதவலாம்.

அரசு அதிகாரி உரிமையை மீறினால் நஷ்டஈடு பெறுவது எப்படி? (வாசகர், நியூ ஜெர்சி)

முதலில் அவர் யாருடைய அதிகாரி என்று பாருங்கள். சட்டைப் பட்டையும் வாகனமும் சொல்லும்.

மாநில, நகரப் போலீஸ் என்றால் 1871-ன் சிவில் உரிமைச் சட்டம், வழக்கறிஞர்கள் 1983 என்று சொல்லும் பிரிவு (1983 ஆண்டல்ல, பிரிவு எண்). காலக்கெடு அந்தந்த மாநிலத்தின் உடற்காய வழக்குக்கு உரியது: கலிபோர்னியா, நியூ ஜெர்சியில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3. மாநிலச் சட்டத்தின் கீழும் கேட்பதானால் முன்னறிவிப்புக் கெடு தனி, நியூயார்க் நகரத்துக்கு 90 நாள். பலர் இதில்தான் தவறவிடுகிறார்கள்.

ஃபெடரல் அதிகாரி என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. அவரையே நேரடியாக வழக்கில் இழுக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2022-க்குள் ஏறக்குறைய அடைத்துவிட்டது. மிஞ்சும் முக்கிய வழி, ஃபெடரல் அரசின் மீதான தீங்கு நஷ்டஈட்டுச் சட்டம். படிவம் 95-ஐ நிரப்பி, சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் அந்தத் துறைக்கே அனுப்ப வேண்டும். தொகையை ஒரே எண்ணாக எழுதுங்கள். 'நீதிமன்றம் தீர்மானிக்கும் தொகை' என்று எழுதினால் மனு மனுவாகவே கணக்கில் வராது, கெடுவும் ஓடிவிடும். பிறகு வழக்கில் அதற்கு மேல் கேட்பது கடினம் என்பதால் சிகிச்சை, வருமான இழப்பு எல்லாம் சேர்த்த பிறகே எண்ணை எழுத வேண்டும். துறைக்கு 6 மாத அவகாசம். நிராகரித்துக் கடிதம் அனுப்பினால், அஞ்சலிட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். ஜூரி கிடையாது, தண்டனைத் தொகை கிடையாது. வழக்கறிஞர் கட்டணம் சமரசத்தில் 20, வழக்கில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அட்லாண்டாவில் 2017-ல் எஃப்.பி.ஐ. படை, தேடிய வீட்டுக்குப் பதில் அருகிலிருந்த வேறொரு வீட்டின் கதவை உடைத்து, ஒளி வெடிகுண்டு வீசி உள்ளே போனது. ஏழு வயதுச் சிறுவன் உட்பட ஒரு குடும்பம் உள்ளே இருந்தது. கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை நீக்கி மறுபடி விசாரிக்க அனுப்பியது. நஷ்டஈடு கொடு என்று அது உத்தரவிடவில்லை. அதிகாரியின் விருப்ப முடிவு என்ற விதிவிலக்கு (அதிகாரியின் சொந்த முடிவுக்கு விடப்பட்ட செயலுக்கு நஷ்டஈடு இல்லை என்பது) அரசுக்கு இன்னும் கைகொடுக்குமா என்பதைக் கீழ் நீதிமன்றமே பார்க்க வேண்டும் என்றது. உங்கள் வழக்கிலும் அரசு முதலில் நீட்டுவது அந்த விதிவிலக்கைத்தான். அதனால் அதிகாரி மீறிய கட்டாய விதி எது, துறைக் கையேட்டில் அது எந்த எண்ணில் இருக்கிறது என்பதைப் படிவத்தோடு சேர்த்தே எழுதி அனுப்புங்கள்.